மூளைச் சத்திரசிகிச்சையும் மூச்சின் காவலும்



ஒருவருக்கு மூளையிற் சத்திரசிகிச்சை நடந்ததென்று கேள்வியுற்றால், நாம் முதலில் வினவுவது "செய்தவர் யார்?" என்பதே. கத்தியைக் கையிலேந்தியவரின் பெயரை ஊர் அறியும். ஆனால், அந்தச் சில மணி நேரமும் நோயாளியின் மூச்சைத் தமது பொறுப்பில் ஏற்றிருந்த வேறொருவர் உண்டு. பிறர் துயிலத் தாம் விழித்திருப்பதே அவர் தொழில். மயக்கமருந்து வைத்தியர் என்று அவரை அழைக்கிறோம். அவர் பெயரை, அவராற் காக்கப்பட்டவரே பல வேளைகளில் அறிந்திருப்பதில்லை.

அவ்வைத்தியர் எதிர்கொள்ளும் கடினமான சோதனைகளுள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு மூளையிலே சத்திரசிகிச்சை செய்தாக வேண்டும்; அவருடைய சுவாசப்பையோ அமைப்பிலேயே பழுதுபட்டது. மூளைக்கு நன்மை தருவது சுவாசப்பைக்குத் தீங்காகலாம். சுவாசப்பைக்கு இதமானது மூளைக்கு ஊறாகலாம். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஓர் உயிரைக் கரைசேர்ப்பது எங்ஙனம்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் மூளையின் இயல்பைப் பார்ப்போம். நமது உடலின் நிறையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சேமிப்பு என்பது கிடையாது. ஒட்சிசன் சில நிமிடங்கள் முற்றாகத் தடைப்பட்டாலே மீளாத கேடு விளையும். இத்துணை மென்மையான உறுப்பு, முற்றிய தேங்காயின் சிரட்டை போன்று விரிந்துகொடாத மண்டையோட்டினுள் இருக்கிறது. மூளையின் தசை, அதைச் சூழ்ந்த நீர், அதனுட் பாயும் குருதி ஆகிய மூன்றும் அந்தச் சிறிய இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றவை ஒடுங்க வேண்டும். ஒடுங்க இடமில்லையாயின் உள்ளே அமுக்கம் ஏறும், மூளை நசுங்கும்.

மூளைக்குச் செல்லும் குருதியின் அளவை ஆள்வனவற்றுள் முக்கியமானது நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டு. மூச்சுக் குறைந்து இவ்வாயு குருதியிலே தேங்கினால், மூளையின் குருதிக்குழாய்கள் விரிகின்றன. நாடிக் குருதியில் அதன் அமுக்கம் இரசமானியின் கணக்கில் 1 மில்லிமீற்றர் கூடினால், மூளையின் குருதியோட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். ஆகவே, மயக்கத்திலிருப்பவரின் மூச்சுச் சற்றே தளர்ந்தாலும், மண்டையோட்டைத் திறந்து வைத்திருக்கும் சத்திர வைத்தியரின் கண்முன்னே மூளை வீங்கத் தொடங்கும். மூச்சைக் காப்பதும் மூளையைக் காப்பதும் ஒரே தொழிலின் இரு பக்கங்கள் என்பது இதனாற் புலனாகும்.

இனிச் சுவாசப்பைக்கு வருவோம். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பெற்றுக் குருதிக்கு ஊட்டுவது அதன் வேலை என்பதை யாவரும் அறிவர். அதற்கு மற்றுமொரு வேலை உண்டு. அதனைப் பலர் அறியார். உடல் முழுவதிலுமிருந்து திரும்பி வரும் குருதியை அது வடிகட்டுகிறது. சுவாசப்பையிலுள்ள மயிர்த்துளைக் குழாய்கள், ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கினும் ஒடுங்கியவை. குருதியில் மிதந்துவரும் சிறு கட்டிகள், காற்றுக் குமிழிகள், கிருமிக் கூட்டங்கள் ஆகியவை அந்தச் சல்லடையிற் சிக்கி அங்கேயே அழிந்துவிடுகின்றன. பல் துலக்கும்போது ஈறு கசிந்து வாய்க்கிருமிகள் குருதியிற் கலந்தாலும், அவை பொதுவாக மூளையைச் சென்றடையாதிருப்பதற்கு இச்சல்லடையும் ஒரு காரணம்.

சிலருக்கு இந்தச் சல்லடையில் ஓட்டை விழுந்துவிடுகிறது. சுவாசப்பையின் நாடி, மயிர்த்துளைக் குழாய்களாகப் பிரியாமல், நேரே நாளத்தோடு தடித்த குழாயாகப் பிணைந்துவிடுகிறது. குளத்து நீர் சிறு வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களுக்குட் பாய வேண்டும். கரை உடைந்து ஒரு பகுதி நேரே ஆற்றுக்குள் ஓடினால், அந்த நீரால் வயலுக்குப் பயனில்லை. நீரோடு வந்த குப்பையும் தடையின்றி ஆற்றைச் சேரும். அவ்வாறே, இப்பிணைப்பின் வழியே ஓடும் குருதி ஒட்சிசனைப் பெறுவதுமில்லை, வடிகட்டப்படுவதுமில்லை. நாடி நாளப் பிணைப்பு என்று நாம் இதைக் குறிப்பிடலாம்.

இப்பிணைப்பு உள்ளவர்களிற் பெரும்பாலோர் ஒரு பரம்பரை நோய்க்கு உரியவர்கள். அந்நோயிலே மூக்கின் உட்புறத்திலும், உதட்டிலும், நாவிலும், விரல் நுனிகளிலும் குருதிக்குழாய்கள் செந்நிறப் புள்ளிகளாக விரிந்திருக்கும். மூக்கால் அடிக்கடி இரத்தம் வடியும். பிரான்சின் ரொந்து 1896 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவிற் பணியாற்றிய வில்லியம் ஒஸ்லர் 1901 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தின் பாக்ஸ் வெபர் 1907 ஆம் ஆண்டிலும் இதனை விவரித்தார்கள். அதனால் மூவர் பெயரையும் இணைத்து இந்நோயை வழங்குவது மரபாயிற்று. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இது காணப்படுகிறது. தந்தை, தாய் இருவருள் ஒருவருக்கு இது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. இந்நோயாளருட் பலருக்குச் சுவாசப்பையிலும் பிணைப்புகள் இருக்கும். அவர்களோ தமக்கு மூக்கு மட்டுமே பலவீனம் என்று எண்ணி வாழ்ந்திருப்பார்கள்.

சுவாசப்பையின் இப்பழுது மூளையை எவ்வாறு தாக்குகிறது என்பது இப்போது விளங்கும். வாயிலிருந்து புறப்பட்ட கிருமிகள் வடிகட்டப்படாமல் மூளைக்குச் சென்று தங்கினால், அங்கே சீழ்க்கட்டி உண்டாகிறது. குருதிக்கட்டி சென்று தங்கினால் பாரிசவாதம் உண்டாகிறது. ஆகவே, பழுதான சுவாசப்பையும் நோயுற்ற மூளையும் ஒரே மனிதரிடம் சந்திப்பது தற்செயலன்று; முதலாவதே இரண்டாவதற்குக் காரணமாகிவிடுகிறது.

மூளைச் சீழ்க்கட்டியைப் பற்றிப் பேசுமிடத்து, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாழ்ந்த வில்லியம் மக்கியூவன் என்னும் சத்திர வைத்தியரை நினையாதிருத்தல் தகாது. 1876 ஆம் ஆண்டிலே ஒரு சிறுவனின் நோய்க்குறிகளை மட்டுங்கொண்டு, மூளையில் இன்ன இடத்திற் சீழ்க்கட்டி உள்ளதென்று அவர் கணித்தார். சத்திரசிகிச்சைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிறுவன் இறந்தான். பின்னர் திறந்து பார்த்தபோது, அவர் சொன்ன இடத்திலேயே கட்டி இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1878 ஆம் ஆண்டில், அதே மக்கியூவன் மற்றொரு புதுமையைச் செய்தார். தொண்டையை வெட்டாமல், வாய்வழியாக மூச்சுக்குழலினுள் ஒரு குழாயைச் செலுத்தி, அதன்வழி மயக்கமருந்து கொடுக்கச் செய்தார். மூளைச் சீழ்க்கட்டிக்குச் சிகிச்சை வகுத்தவரும், இன்று மயக்கமருந்து வைத்தியத்தின் ஆணிவேராயுள்ள குழாய் முறைக்கு வழிகாட்டியவரும் ஒருவரே என்பது வியப்பன்றோ!

இன்னொரு தொடர்பும் உண்டு. அமெரிக்க மூளைச் சத்திர வைத்தியத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஹார்வி குஷிங், மாணவராயிருந்த காலத்தில் ஒரு நோயாளிக்கு ஈதர் கொடுத்தார். அந்நோயாளி இறந்துபோனார். அத்துயரம் குஷிங்கின் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 1894 ஆம் ஆண்டிலே, தம் தோழர் கொட்மனோடு சேர்ந்து, மயக்கத்திலிருப்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் இடைவிடாது தாளிற் குறிக்கும் வழக்கத்தை அவர் தொடக்கினார். இன்று உலகெங்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களிற் பேணப்படும் மயக்கமருந்துப் பதிவேட்டின் தோற்றம் அதுவே. இதே குஷிங், முன்னர் நாம் குறிப்பிட்ட ஒஸ்லரின் அன்புக்குரியவர். ஒஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926 ஆம் ஆண்டிற் புலிட்சர் பரிசு பெற்றவர்.

இனி, ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பத்தைந்து. பத்து நாட்களாகத் தலைவலி, பிறகு காய்ச்சல், பின்னர் வலக்கையிற் பலவீனம். கதிர்ப்படம் மூளையிற் சீழ்க்கட்டியைக் காட்டுகிறது. மறுநாட் காலையிற் சத்திரசிகிச்சை. முதல்நாள் மாலை மயக்கமருந்து வைத்தியர் கட்டிலருகே வந்து அமர்கிறார்.

"முன்னர் ஏதேனும் நோய் இருந்ததா?"

"இல்லை, ஐயா. நான் சுகதேகி."

"மூக்கால் இரத்தம் வடிவதுண்டா?"

"அது சிறுவயது முதலே உண்டு, ஐயா. அம்மாவுக்கும் அப்படித்தான். அது ஒரு பெரிய விடயமல்ல."

வைத்தியருக்கு அதுவே பெரிய விடயம். அவர் உதட்டைப் பார்க்கிறார், செம்புள்ளிகள் தெரிகின்றன. விரல்களைப் பார்க்கிறார், நகத்தடி தடித்திருக்கிறது. விரலில் மாட்டும் சிறு கருவியால் குருதியின் ஒட்சிசன் நிறைவை அளக்கிறார். ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1974 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த கருவி அது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பத்தெட்டாக இருக்கிறது. ஒட்சிசன் கொடுத்தும் எதிர்பார்த்தவாறு உயரவில்லை. எழுந்து அமரச் செய்தால் இன்னும் குறைகிறது. ஏனெனில், இப்பிணைப்புகள் பெரும்பாலும் சுவாசப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ளன, நிமிர்ந்திருக்கையிற் குருதி கீழ்நோக்கி அங்கே மிகுதியாய்ப் பாய்கிறது. நோயின் முழு உருவமும் வைத்தியரின் மனக்கண்முன் தோன்றிவிட்டது. ஒரு கேள்வியும் ஒரு விடையும் அதற்குப் போதுமாயின.

இப்போது எழும் முதற் பிரச்சினை, எதை முதலிற் செய்வது என்பது. சுவாசப்பையின் பிணைப்பை முதலில் அடைத்துவிட்டு மூளைக்குச் செல்வது பாதுகாப்பானதாகத் தோன்றும். மெதுவாக வளரும் கட்டியாயின் அவ்வாறு செய்யவும் கூடும். ஆனால், அமுக்கத்தை ஏற்றிக்கொண்டிருக்கும் சீழ்க்கட்டி காத்திருக்காது. அது உடைந்து மூளையின் நீரறையினுட் பாயுமாயின் உயிருக்கே ஆபத்து. ஆகவே, ஓட்டையான சல்லடையோடேயே நோயாளியை மயக்க வேண்டியவராகிறார் வைத்தியர்.

அவர் எடுக்கும் முன்னெச்சரிக்கைகளைக் கேளுங்கள். நாளத்தில் மருந்து ஏற்றும் குழாயில் ஒரு சிறு காற்றுக்குமிழி இருந்தால், சாதாரண நோயாளிக்கு அதனாற் பெருந்தீங்கு நேராது. சுவாசப்பை அதனைத் தடுத்துவிடும். இந்நோயாளிக்கோ அது நேரே மூளைக்கும் இருதயத்தின் நாடிகளுக்கும் சென்றுவிடலாம். ஆதலின், ஒவ்வொரு குழாயும், ஒவ்வொரு பொருத்தும், ஒவ்வொரு ஊசியும் குமிழியற்றதா என்று கண்கொண்டு பார்க்கப்படுகிறது. காற்றைத் தடுக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. நைதரசொட்சைட்டு என்னும் பழைய மயக்கவாயு தவிர்க்கப்படுகிறது; அது குமிழியினுட் புகுந்து அதனைப் பெருக்கச் செய்யும்.

மூச்சுக்குழாயை மூக்கின் வழியே செலுத்தலாகாது. விரிந்த குருதிக்குழாய்கள் கிழிந்து இரத்தம் பெருகும். வாய்வழியே செலுத்தும்போதும், ஆழ்ந்த மயக்கம் வந்த பின்னரே செலுத்த வேண்டும். இன்றேல் குருதியமுக்கம் திடீரெனப் பொங்கும். இந்நோயாளருட் சிலருக்கு மூளையிலும் இத்தகைய பிணைப்புகள் இருப்பதனால், அப்பொங்குதல் குருதிப்பெருக்கில் முடியலாம்.

இனி மூச்சு இயந்திரம். இங்கேதான் இரு உறுப்புகளும் எதிரெதிராக நிற்கின்றன. சுவாசப்பைக்குள் அமுக்கத்தோடு காற்றைச் செலுத்தினால், நல்ல பகுதியிலுள்ள நுண்ணிய குழாய்கள் அமுங்குகின்றன. குருதியோ அமுங்காத இடத்தைத் தேடிப் பிணைப்பின் வழியே மிகுதியாக ஓடுகிறது. ஒட்சிசனைக் கூட்டும் எண்ணத்தோடு செய்தது, ஒட்சிசனைக் குறைத்துவிடும். பிணைப்பின் மெல்லிய சுவர் வெடித்து நெஞ்சினுட் குருதி பெருகவும் கூடும். சரி, அமுக்கத்தைக் குறைத்துவிடுவோமெனின், மூச்சின் அளவு குறைந்து காபனீரொட்சைட்டு தேங்கும், மூளை வீங்கும். அவ்வாயு மிகுந்தால் நல்ல சுவாசப்பைப் பகுதியின் குழாய்களும் சுருங்கி, பிணைப்பின் வழியே ஓடும் குருதி இன்னும் கூடும். அதுவன்றி, மூளையைச் சுருக்கும் ஆசையால் மூச்சை மிகைப்படுத்தினாலோ, மூளையின் குருதிக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும். ஏற்கெனவே ஒட்சிசன் குறைந்த குருதி, அளவிலும் குறைந்து மூளைக்குச் செல்லும்.

எனவே அவர் தேர்ந்தெடுப்பது நடுவழி. சிறு சிறு மூச்சுகளாக, குறைந்த அமுக்கத்தில், காபனீரொட்சைட்டு இயல்பான அளவை விட்டு விலகாதவாறு செலுத்துகிறார். வெளிவரும் மூச்சை அளக்கும் கருவியை மட்டும் அவர் நம்புவதில்லை. சுவாசப்பையை ஒதுக்கிச் செல்லும் குருதியின் நிலையை அக்கருவி முழுமையாகக் காட்டாது. ஆதலால், மணிக்கட்டின் நாடியிலிருந்து இடையிடையே குருதி எடுத்து நேரடியாகச் சோதிக்கிறார். மயக்கத்தை நாளத்தின் வழி ஏற்றும் மருந்தால் தொடர்கிறார். புரொபோபோல் போன்ற மருந்து மூளையின் குருதியோட்டத்தையும் அமுக்கத்தையும் தணிப்பது.

நோயாளியைக் கிடத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். தலையை உயர்த்தி வைத்தால் மூளையின் வீக்கம் குறையுமென்று சத்திர வைத்தியர் விரும்புவார். ஆனால், தலை இருதயத்தினும் மிக உயர்ந்திருக்கையில், திறந்த நாளங்கள் காற்றை உள்ளே உறிஞ்சக்கூடும். சல்லடையில் ஓட்டையுள்ளவருக்கு அந்தக் காற்று எங்கே போகுமென்பதை முன்னரே கண்டோம். ஆகவே, இருவரும் கலந்து பேசி, தலையைச் சிறிதளவே உயர்த்துவதென முடிவு செய்கிறார்கள். இவ்வாறு கலந்து பேசுவது கத்தி எடுக்குமுன்னர் நடைபெற வேண்டியது. எடுத்த பின்னர் அதற்கு நேரமிராது.

முழு மயக்கமின்றியே இதைச் செய்ய இயலாதா என்று நீங்கள் கேட்கலாம். சில நோயாளருக்கு இயலும். தலைத்தோலின் நரம்புகளை மரக்கச் செய்து, மண்டையோட்டிற் சிறு துளையிட்டு, ஊசியாற் சீழை உறிஞ்சி எடுக்கலாம். நோயாளி தாமாகவே மூச்சு விடுவதனாற் சுவாசப்பைக்கு அமுக்கம் நேராது. ஆனால் அவர் அசையாது கிடக்க வேண்டும். சொல்வதை உணர வேண்டும். அமைதிக்கென்று கொடுக்கும் மருந்து சற்று மிகுந்தாலும் மூச்சுத் தளரும். மீண்டும் காபனீரொட்சைட்டு தேங்கும். எல்லா நோயாளருக்கும் ஏற்ற ஒரே வழி என்று ஒன்று இல்லை. இந்த நோயாளிக்கு எது ஏற்றது என்ற கேள்வியே உண்டு.

சத்திரசிகிச்சை முடிந்து, நோயாளி கண் விழித்து, வலக்கையின் விரல்களை அசைத்துக் காட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. உடைந்த கரையை அடைக்காமல், வெள்ளத்தில் அடைந்த குப்பையை மட்டும் அகற்றினோமாயின், அடுத்த மழையில் அது மீண்டும் வரும். ஒரு காலத்தில், நெஞ்சைப் பிளந்து சுவாசப்பையின் பகுதியை வெட்டி எடுப்பதே வழியாயிருந்தது. 1977 ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் போர்ஸ்ற்மன், தொடையின் நாளத்தினூடாக நீண்ட மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே பிணைப்பை அடைக்கும் முறையை வெளியிட்டார். நுண்ணிய உலோகச் சுருள்கள் முதலியவற்றால் அடைக்கும் அம்முறை இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அடைத்த பின்னரும், பல் வைத்தியரிடம் செல்லுமுன் கிருமிகொல்லி மருந்து உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது. அந்நோயாளியின் தாயும், உடன்பிறந்தாரும், பிள்ளைகளும் சோதிக்கப்பட வேண்டும். அவர்களுள் இன்னும் எவருக்கும் தலைவலி தொடங்காதிருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

நேயர்களே, இந்நோய் அரியது. நம்மிற் பெரும்பாலோருக்கு வாராது. எனினும் ஏதோவொரு சத்திரசிகிச்சை நம்முட் பலருக்கு என்றாவது நேரக்கூடும். அதற்கு முதல்நாள் ஒருவர் கட்டிலருகே வந்து, சிறுசிறு கேள்விகள் கேட்பார். படியேறினால் மூச்சு வாங்குமா? மூக்கால் இரத்தம் வடியுமா? குடும்பத்தில் எவரேனும் மயக்கமருந்தால் இடர்ப்பட்டதுண்டா? கட்டிய பல் உண்டா? இவை வெறும் சம்பிரதாயமென்று எண்ணி, "ஒன்றுமில்லை, ஐயா" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். வைத்தியரின் நேரத்தை வீணாக்கலாகாது என்ற மரியாதையும் அதற்கு ஒரு காரணம். அந்த மரியாதை இங்கே வேண்டாம். எது சிறியது, எது பெரியது என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். பெருங்கருவிகள் பலவும் அவர் கையில் உண்டு. ஆயினும், அவற்றுள் எதை எங்கே வைத்துப் பார்ப்பதென்று அவருக்கு வழிகாட்டுவது நீங்கள் சொல்லும் சொல்லே.

நாம் கண்ட நோயாளியின் உயிரைக் காத்தவற்றுள், சத்திர வைத்தியரின் கைத்திறனும் மயக்கமருந்து வைத்தியரின் விழிப்பும் உண்டு. அவற்றோடு, "அம்மாவுக்கும் அப்படித்தான்" என்று அவர் வாய் தவறிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் உண்டு. அது வாய் தவறி வராமல், நாமே அறிந்து சொல்லும் வார்த்தையாக இருக்கட்டும்.